திருப்பி அனுப்பப்பட இருந்தவர் போட்ட கணக்கு

1889ஆம் ஆண்டு ஜூன் மாதம். பிரான்சிலிருந்து வந்த கப்பலொன்று நியூயோர்க் துறைமுகத்தை அடைகிறது. மிகக் குறைந்த கட்டணத்தில் அடித்தட்டில் பயணம் செய்தவர்களில் ஒருவர் 24 வயது இளைஞர். உயரம் ஏறத்தாழ நான்கடிதான். முதுகு கூனல், இடுப்பு எலும்பும் பிறவியிலேயே கோணல். கையில் காசு இல்லை, ஆங்கிலமும் சரியாக வராது. குடியேறிகளை விசாரிக்கும் காசில் கார்டன் மண்டபத்தில் அதிகாரிகள் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். இவரால் உழைத்துச் சாப்பிட முடியாது, நாட்டுக்குச் சுமையாகிவிடுவார், வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்புவோம் என்பதுதான் அவர்களுடைய எண்ணமாக இருந்தது.

கூட வந்த நண்பர் அஸ்முசன் குறுக்கே நின்றார். இவர் பெரிய கணித அறிவாளி, இவருக்கான பொறுப்பை நான் எடுக்கிறேன் என்று வாதாடினார். தன்னிடமிருந்த பணத்தையும் காட்டினார். அதிகாரிகள் இறங்கிவந்தார்கள். அந்த இளைஞர்தான் பின்னாளில் சாள்ஸ் புரோட்டியஸ் ஸ்ரைன்மெற்ஸ் என்ற பெயரில் உலகம் அறிந்த மின்பொறியியலாளர்.

வெளிநாட்டு விமான நிலையங்களில் நின்றவர்களுக்கும், நின்றவர்களுக்காக இங்கே தொலைபேசியருகில் காத்திருந்தவர்களுக்கும் இந்தக் காட்சியை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் நான் அவரைப் பற்றி எழுத வந்தது அதற்காக மட்டுமல்ல. யாழ்ப்பாணத்தில் மின்சாதனங்கள் திருத்தும் சிறிய கடையொன்று எனக்கு இருக்கிறது. கனடாவிலிருந்து உறவினர்கள் அனுப்பிய பொருட்கள் மாதத்துக்கு இரண்டு மூன்றாவது என் மேசைக்கு வரும். அவற்றின் பின்பக்கத்தில் ஒரு சிறு தகடு இருக்கும். அதில் 120 வோல்ற் என்றும், பக்கத்திலே 60 ஹேர்ட்ஸ் என்றும் எழுதியிருக்கும். முதல் எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டாவதை எவரும் பார்ப்பதில்லை. அந்த இரண்டாவது எண் ஒரு மோட்டரை எப்படிக் கொல்லும் என்பதைக் கணக்காகப் போட்டுத் தந்தவர் ஸ்ரைன்மெற்ஸ்.

அவர் 1865 ஏப்ரல் 9ஆம் திகதி பிரஷ்யாவின் பிரெஸ்லோ நகரில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் கார்ல் ஆகஸ்ட் ருடோல்ப். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜேர்மனியர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஊரின் பெயரும் வ்ரோட்ஸ்வாஃப் என்று மாறிவிட்டது. தந்தை ரயில் திணைக்களத்தில் அச்சுக்கல் வேலை செய்தவர். தந்தைக்கும் கூனல், பாட்டனுக்கும் கூனல். ஒரு வயதிலேயே தாய் போய்விட, அவரை வளர்த்தது பாட்டி.

கணிதத்தில் பிள்ளை கெட்டிக்காரன். 1883இல் பிரெஸ்லோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நண்பர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் புரோட்டியஸ். கிரேக்கக் கதையில் வரும் கடல் முதியவர் அது, நினைத்த உருவத்தை எடுக்கக்கூடியவர். அந்தக் காலத்தில் ஜேர்மனியில் பிஸ்மார்க்கின் ஆட்சி. சோசலிசக் கட்சியின் கூட்டங்களும் பத்திரிகைகளும் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்தன. ஸ்ரைன்மெற்ஸ் சோசலிச மாணவர் வட்டத்தில் சேர்ந்தார். நண்பர்கள் கைதானபோது அவர்களுடைய பத்திரிகையை நடத்தும் பொறுப்பையும் ஏற்றார். பொலிஸாரின் கண் அவர்மீது விழுந்தது. 1888இல், கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வு முடிந்து பட்டம் கைக்கு வரவிருந்த நேரத்தில், கைதாவதைத் தவிர்க்க நாட்டைவிட்டு வெளிக்கிட்டார். பட்டம் கிடைக்கவில்லை. சூரிச்சில் ஒரு வருடம் பொறியியல் படித்தார். அங்கே தங்கியிருந்த காலத்தில் நண்பரானவர்தான் அஸ்முசன். அமெரிக்காவுக்குக் கப்பல் காசு கொடுத்தவரும் அவரே.

அமெரிக்காவில் அவருக்கு முதல் வேலை கொடுத்தவரும் ஓர் அகதிதான். யொங்கர்ஸ் என்ற ஊரில் ருடோல்ப் ஐக்கமையர் என்பவர் தொப்பி செய்யும் இயந்திரங்களும் மின்மோட்டர்களும் தயாரித்துக்கொண்டிருந்தார். 1848ஆம் ஆண்டுப் புரட்சி தோற்றபின் ஜேர்மனியிலிருந்து வந்தவர் அவர். வரைபடம் வரைபவராக வேலைக்குச் சேர்ந்த இளைஞரிடம் வேறொரு சரக்கும் இருப்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். ஓர் அறையையும் சில கருவிகளையும் ஒதுக்கிக் கொடுத்தார். ஸ்ரைன்மெற்ஸ் தன் பெயரை சாள்ஸ் என்று மாற்றிக்கொண்டார். நடுப்பெயருக்கு, மாணவர் காலத்துப் பட்டப்பெயரையே வைத்தார். ஊரிலிருந்து கொண்டுவர முடிந்தது அவ்வளவுதான் போலும்.

அந்த அறையில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது. ஆடலோட்ட மோட்டரும் மின்மாற்றியும் ஏன் சூடாகின்றன? கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடும்போது சூடு வரும் என்பது அப்போதே தெரியும். ஆனால் சுருளின் நடுவிலிருக்கும் இரும்பும் கொதித்தது. எவ்வளவு கொதிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியவில்லை. இயந்திரத்தைச் செய்துமுடித்து, ஓடவிட்டு, கருகினால் திரும்பவும் வேறு அளவில் செய்து பார்ப்பதுதான் வழக்கம். பணமும் மாதங்களும் அப்படியே கரைந்தன.

நம் வீட்டுச் சுவரில் வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதில்லை. முன்னும் பின்னுமாக ஆடுகிறது. இலங்கையில் செக்கனுக்கு 50 தடவை, கனடாவிலும் அமெரிக்காவிலும் 60 தடவை. பாடசாலையில் மீடிறன் என்று படித்தோமே, அது இதுதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரும்புக்குள் இருக்கும் காந்தத்தன்மை ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் திரும்பவேண்டும். இரும்பு உடனே திரும்பாது, இழுபடும். ஓட்டம் திரும்பிய பிறகுதான் காந்தம் திரும்பும். இதைக் காந்தப் பின்னிடைவு என்பார்கள். அந்த இழுபறியில் வீணாகும் சக்திதான் சூடாக வெளிவருகிறது. ஸ்ரைன்மெற்ஸ் மற்றவர்கள் வெளியிட்டிருந்த அளவீடுகளை எடுத்தார், தானும் பல வகை இரும்புகளை அளந்தார். ஓர் ஆட்டத்தில் வீணாகும் சக்தி, இரும்புக்குள் ஏறும் காந்தப்பாயத்தின் 1.6ஆம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது என்று கண்டார். 1892 ஜனவரியில் அமெரிக்க மின்பொறியியலாளர் நிறுவகத்தின் முன் அதைச் சமர்ப்பித்தார். நாட்டுக்குச் சுமையாவார் என்று சொல்லப்பட்டு மூன்று வருடம் இன்னும் நிறையவில்லை.

இனி இந்தக் கணக்கை நம் வீட்டுக்குக் கொண்டுவருவோம். கனடாவில் 120 வோல்ற், இங்கே 230. கடையில் ஒரு மின்மாற்றி வாங்கினால் 230ஐ 120 ஆக்கிவிடலாம். அத்தோடு பிரச்சினை முடிந்தது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். மின்மாற்றி வோல்ற்றை மட்டும்தான் மாற்றும். செக்கனுக்கு 50 ஆட்டமாக உள்ளே போவது, வெளியே வரும்போதும் 50 ஆட்டமாகவே வரும்.

ஆட்டம் குறைந்தால் நல்லதுதானே, இரும்புக்கு இழுபறி குறையுமே என்று ஒருவர் கேட்கலாம். என்னிடம் கேட்டும் இருக்கிறார்கள். நடப்பது வேறு. ஆட்டம் மெதுவானால் ஒவ்வொரு ஆட்டமும் நீளும். நீண்ட நேரம் தள்ளப்படுவதால் இரும்புக்குள் காந்தப்பாயம் கூடுதலாக ஏறும். 60இலிருந்து 50க்கு வந்தால் ஐந்திலொரு பங்கு கூட. ஸ்ரைன்மெற்ஸின் அடுக்கைப் போட்டுப் பார்த்தால், ஆட்டம் குறைந்ததைக் கழித்த பிறகும் பின்னிடைவுச் சூடு நூற்றுக்குப் பதினொன்று, பன்னிரண்டு கூடிவிடுகிறது. அதைவிட மோசமானது இன்னொன்று. இரும்பு ஒரு நெல் மூட்டை மாதிரி. நிறையும்வரை லேசாகக் கொள்ளும். நிறைந்தபிறகு இன்னும் ஒரு கொத்து நெல்லைத் திணிக்க வேண்டுமென்றால் காலால் உதைக்க வேண்டும். உற்பத்தியாளர்கள் செலவைக் குறைப்பதற்காக இரும்பை அளவாகத்தான் வைப்பார்கள், மூட்டை ஏற்கெனவே கழுத்துவரை நிறைந்திருக்கும். அதற்கு மேல் ஐந்திலொரு பங்கைத் திணிக்கச் சுருள் இழுக்கும் மின்சாரம் பல மடங்காகிவிடும். மோட்டர் உறுமும், பூச்சு மணக்கும், பிறகு கருகும்.

சூடு ஒரு பக்கம், வேகம் இன்னொரு பக்கம். கனடாவில் வாங்கிய பழைய மின்மணிக்கூடு ஆட்டங்களை எண்ணித்தான் நேரம் காட்டும். இங்கே அது ஒரு மணித்தியாலத்துக்கு 50 நிமிடம்தான் நகரும், ஒரு நாளில் நாலு மணித்தியாலம் பின்தங்கும். பழைய இசைத்தட்டுப் பெட்டிகள் பலவும் அப்படித்தான். நிமிடத்துக்கு 33 தடவை சுற்றவேண்டிய தட்டு 28க்கும் குறைவாகச் சுற்றும். நாதஸ்வரம் ஏறக்குறைய மூன்று சுரத்தானம் இறங்கிக் கேட்கும். ஒருமுறை அப்படியொரு பெட்டியைக் கொண்டுவந்த பெரியவர், வித்துவானுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

எல்லாவற்றுக்கும் சிரிக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் வன்னியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தகப்பனாருக்கு நெஞ்சில் ஷெல் சன்னம் பட்டு ஒரு பக்க நுரையீரல் பழுது. வயது போகப்போக மூச்சு முட்டத் தொடங்கியது. ரொறன்ரோவில் இருக்கும் மகள், ஒட்சிசன் செறிவாக்கும் இயந்திரமொன்றை வாங்கிக் கப்பலில் அனுப்பியிருந்தா. மின்மாற்றி விற்ற கடையில் இது ஒன்றே போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று இரவு ஓடியிருக்கிறது. இயந்திரம் கைவைக்க முடியாத சூடு. ஒட்சிசன் போதாது என்று காட்டும் எச்சரிக்கை விளக்கு விடாமல் எரிந்தது. மின்மாற்றியில் பழுதா என்று பார்த்துத் தருமாறு, தம்பி என்று என்னைக் கூப்பிட்டு அந்த அம்மா கேட்டா. அளந்து பார்த்தேன். 120 வோல்ற் சரியாகவே வந்தது. பழுது மின்மாற்றியில் இல்லை. உள்ளேயிருந்த காற்றழுத்தி 60 ஆட்டத்துக்குச் செய்தது. ஆறிலொரு பங்கு வேகம் குறைந்து காற்றை அழுத்த, ஒட்சிசனும் குறைந்தது. வெளிச்சமோ மணிக்கூடோ என்றால் பரவாயில்லை. ஐயாவின் மூச்சு அல்லவா அதில் இருந்தது. 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்று தகடு போட்ட இயந்திரமொன்றை அன்றே வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். மகள் அனுப்பியதைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருப்பதாகப் பிறகு அறிந்தேன். பிள்ளை காசு சேர்த்து வாங்கியதை எப்படி எறிவது?

அதனால் சிலவற்றை இங்கே சொல்லிவைக்கிறேன். கேத்தில், அழுத்தி, சூடாக்கி போன்றவற்றுக்கு மீடிறன் ஒரு பொருட்டல்ல, வோல்ற் சரியாக இருந்தால் போதும். கார்பன் கட்டை வைத்த மோட்டர்கள், அதாவது மிக்சி, துளைகருவி, தையல் மெஷின் மோட்டர் ஆகியவையும் பெரும்பாலும் தாங்கும். கைத்தொலைபேசி சார்ஜர், மடிக்கணினி, புதிய தொலைக்காட்சி ஆகியவற்றின் தகட்டில் 100 முதல் 240 வோல்ற், 50/60 என்று இருந்தால் மின்மாற்றியே தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம், மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றில் 60 மட்டும் எழுதியிருந்தால் கவனம். மைக்ரோவேவை நான் தொடவே மாட்டேன், அதன் உள்ளேயிருக்கும் மின்மாற்றியின் மூட்டை ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருக்கும். சாதாரண மோட்டர் என்றால் வழி ஒன்று உண்டு. ஆட்டம் ஆறிலொன்று குறைந்தால் வோல்ற்றையும் ஆறிலொன்று குறைக்க வேண்டும். 120க்குப் பதில் 100 கொடுத்தால் இரும்புக்குள் ஏறும் காந்தப்பாயம் பழைய அளவுக்கே வந்துவிடும், மோட்டர் கருகாது. ஜப்பான் பொருட்களுக்கென விற்கும் 100 வோல்ற் மின்மாற்றி இதற்குப் பொருந்தும். வேகம் மட்டும் திரும்பி வராது. பெட்டி மெதுவாகக் குளிரும், நம் வெயிலுக்கு நாள் முழுக்க ஓடிக்கொண்டேயிருக்கும். மருத்துவ இயந்திரங்களில் இந்த வித்தையெல்லாம் வேண்டாம்.

மீடிறன் மாறினால் என்ன ஆகும் என்று படிக்காமலே நாங்கள் அறிந்த காலமும் இருந்தது. தொண்ணூறுகளில் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாத வருடங்களில், ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி மண்ணெண்ணெயில் ஓடவிட்ட சிறு ஜெனரேற்றர்களை நினைத்துப் பாருங்கள். அந்த வகை இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றினால்தான் 50 ஹேர்ட்ஸ். கலியாண வீட்டில் ஒரு விளக்கைக் கூடப் போட்டால் இயந்திரம் திணறும், உடனே விசிறியும் சோர்ந்துவிடும். சத்தத்தைக் கேட்டே ஆட்டத்தைச் சொல்லக்கூடிய பெடியள் அன்று ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருந்தார்கள்.

சரி, உலகம் முழுக்க ஒரே எண்ணை வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லையே. ஏன் வைக்கவில்லை? ஸ்ரைன்மெற்ஸ் யொங்கர்ஸில் இருந்த காலத்தில் நிலைமை இன்னும் மோசம். வெஸ்ரிங்ஹவுஸ் கம்பனி 133 ஆட்டத்தில் விளக்குகளை எரித்தது, போட்டிக் கம்பனி 125. விளக்குக்கு அது நல்லது, கண்ணில் துடிப்புத் தெரியாது, மின்மாற்றியையும் சிறிதாகச் செய்யலாம். ஆனால் நிக்கோலா தெஸ்லா கொண்டுவந்த புதிய மோட்டர் அந்த வேகத்தில் ஒழுங்காக ஓட மறுத்தது. வெஸ்ரிங்ஹவுஸ் பொறியியலாளர்கள் கடைசியில் 60க்கு இறங்கினார்கள். ஜேர்மனியில் ஏ.ஈ.ஜி. கம்பனி 50ஐ எடுத்தது. நயாகரா நீர்வீழ்ச்சியில் 1895இல் ஓடத் தொடங்கிய பெரிய இயந்திரங்கள் 25இல் ஓடின. மோட்டருக்கு 25 நல்லது, விளக்குக்கு ஆகாது. கண் முன்னே மினுங்கும்.

1892இல் ஜெனரல் எலெக்ரிக் கம்பனி உருவானது. அது ஐக்கமையரின் தொழிற்சாலையை வாங்கியது. வாங்கியதற்கு முக்கிய காரணம் அங்கே வேலைசெய்த அந்தக் குள்ள மனிதர்தான் என்று சொல்லப்படுவதுண்டு. 1894 முதல் நியூயோர்க் மாநிலத்தின் ஸ்கெனெக்ரடி நகரம் அவருடைய ஊரானது. அந்தக் கம்பனியும் ஒரே எண்ணில் நிற்கவில்லை. தென் கலிபோர்னியாவில் 50 வைத்தது, சில இடங்களில் 40ஐயும் முயன்றது. ஜப்பானில் ஒசாகா நகரம் 1890களில் இவர்களிடம் 60இல் ஓடும் இயந்திரம் வாங்கியது. தோக்கியோ அதே காலத்தில் ஏ.ஈ.ஜி.யிடம் 50இல் ஓடுவதை வாங்கியிருந்தது. இரண்டு நகரங்களின் கொள்வனவு ஒரு நாட்டையே இரண்டாகப் பிரித்துவிட்டது. இன்றும் ஜப்பானின் கிழக்கு 50, மேற்கு 60. 2011 மார்ச்சில் சுனாமி வந்து புகுஷிமா அணுவுலை நின்றபோது, மேற்கில் மின்சாரம் இருந்தும் கிழக்குக்குத் தாராளமாகக் கொடுக்க முடியவில்லை. நடுவிலிருந்த மாற்றி நிலையங்களால் சுமார் 1,000 மெகாவற்தான் தாண்ட முடிந்தது. தோக்கியோப் பகுதியில் முறைவைத்து மின்சாரம் வெட்டினார்கள். ஒரு பயன் என்னவென்றால், இரண்டு மீடிறனிலும் விற்கவேண்டியிருப்பதால் ஜப்பான் வீட்டுப் பொருட்கள் பலவற்றில் 50/60 என்று இரண்டும் எழுதியிருக்கும். இங்கே வரும் பழைய ஜப்பான் பொருட்கள் நீண்டநாள் உழைப்பதன் ஒரு காரணம் அது. எங்கள் 50 பிரித்தானியரிடமிருந்து வந்தது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் நயாகராவை நம்பியதால் ரொறன்ரோ உட்பட அதன் தென்பகுதி நீண்டகாலம் 25இலேயே கிடந்தது. 1949இல் 60க்கு மாறத் தொடங்கி 1959இல்தான் முடித்தார்கள். பத்து வருடம். பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் குளிர்சாதனப் பெட்டியின் மோட்டரையும், தோய்க்கும் இயந்திரத்தின் மோட்டரையும், மணிக்கூட்டையும் மாற்றிக்கொடுத்தார்கள். செலவை மின்சார நிறுவனமே ஏற்றது. இன்று நம் பிள்ளைகள் அங்கிருந்து அனுப்பும் பொருளில் 60 என்று இருப்பதற்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

ஸ்ரைன்மெற்ஸின் மிகப்பெரிய வேலை பின்னிடைவு அல்ல என்பார்கள் பொறியியலாளர்கள். 1893 ஓகஸ்ட்டில் சிக்காகோவில் நடந்த உலக மின்சார மாநாட்டில் அவர் சிக்கலெண்களைக் கொண்டு ஆடலோட்டத்தைக் கணக்கிடும் முறையை முன்வைத்தார். அதுவரை பக்கம் பக்கமாக நுண்கணிதம் போட்டுத்தான் விடைகாண வேண்டும். அதைக் கூட்டலும் பெருக்கலுமாக்கினார் அவர். அப்போது விளங்கிக்கொண்டவர்கள் சொற்பம். அதனால் அவரே பாடநூல்களை எழுதினார், யூனியன் கல்லூரியில் பேராசிரியராகப் பல வருடம் படிப்பித்தார். உயர்தரத்தில் பௌதிகமும் இணைந்த கணிதமும் படித்து மின்பொறியியலுக்குப் போன எந்தப் பிள்ளையும், அவர் பெயரை அறியாமலே அவருடைய வழியில்தான் கணக்குப் போடுகிறது. பிரெஸ்லோவில் விட்டுவந்த கலாநிதிப் பட்டத்துக்கு ஈடாக 1903இல் யூனியன் கல்லூரி அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது.

பத்திரிகைகள் அவரை மந்திரவாதி என்று எழுதின. எனக்கு அந்தப் பெயரில் விருப்பமில்லை. மந்திரவாதி தன் வித்தையைச் சொல்லித் தரமாட்டான். இவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது சொல்லிக்கொடுத்ததுதான்.

அவர் திருமணம் செய்யவில்லை. பாட்டனிலிருந்து வந்த கூனல் தன்னோடு நிற்கட்டும் என்று முடிவெடுத்தவர். ஆனால் தனிமை அவருக்கு ஒத்துவரவில்லை. பெரிய வீடொன்றைக் கட்டிவிட்டு அதில் ஒருவராக இருந்தார். தன்னுடைய ஆய்வுகூட உதவியாளர் ஜோசப் ஹேடன் திருமணம் முடித்தபோது, இருவரையும் தன் வீட்டுக்கு வந்துவிடும்படி கேட்டார். ஹேடனின் மனைவி கொரின் ஒரு நிபந்தனை வைத்தா. ஆய்வுகூடத்தில் என்ன வேலை இருந்தாலும், சமைத்து வைத்த நேரத்துக்கு இருவரும் மேசைக்கு வந்துவிட வேண்டும். உலகப் புகழ்பெற்ற மனிதர் அதற்குக் கட்டுப்பட்டார். பிறகு ஹேடனைச் சட்டப்படி மகனாக ஏற்றுக்கொண்டார். மூன்று பேரப்பிள்ளைகள் கிடைத்தார்கள். வீட்டில் முதலைகளும் நச்சுப் பல்லியும் வளர்த்தார், கண்ணாடிக் கூடத்தில் ஓர்க்கிட்டும் கள்ளியும் வைத்தார், சுருட்டை வாயிலிருந்து எடுக்கவேயில்லை.

கோடைகாலத்தில் மொஹோக் ஆற்றோரமிருந்த மரக்குடிலுக்குப் போய்விடுவார். சிறு தோணியில் குறுக்கே பலகை போட்டு, அதில் காகிதங்களைப் பரப்பி, முழங்காலில் இருந்தபடி ஆற்றின் நடுவே கணக்குப் போடுவார். 1920இல் அந்தக் குடிலை மின்னல் தாக்கியது. சுவரிலிருந்த கண்ணாடி நொறுங்கியது. துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றொன்றாகப் பொருத்தி ஒட்டி, மின்னல் போன பாதையை அதில் படித்தார். இரண்டு வருடத்தில் ஆய்வுகூடத்துக்குள்ளேயே செயற்கை மின்னலை உண்டாக்கிக் காட்டினார். மின்கம்பங்களை மின்னலிலிருந்து காக்கும் கருவிகளைச் சோதிக்க அது உதவியது.

நாட்டைவிட்டு ஓடவைத்த அரசியலை அவர் கைவிடவில்லை. பெரிய முதலாளிக் கம்பனியில் வேலைசெய்துகொண்டே சோசலிசக் கட்சியில் இருந்தார். இதில் முரண் இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. கம்பனிக்கு அவருடைய மூளை வேண்டும், அவருக்கு ஆய்வுகூடம் வேண்டும். 1911இல் ஸ்கெனெக்ரடியில் சோசலிச மேயர் ஒருவர் தெரிவானபோது, ஸ்ரைன்மெற்ஸ் நகரின் கல்விச் சபைக்குத் தலைவரானார். புதிதாகக் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்புகள் வைப்பதில் அக்கறை காட்டினார். ரஷ்யாவை மின்மயமாக்க உதவத் தயார் என்று 1922இல் லெனினுக்குக் கடிதம் எழுதினார். அதே வருடம் மாநிலத் தலைமைப் பொறியியலாளர் பதவிக்குத் தேர்தலில் நின்று தோற்றார்.

1923இல் ஹேடன் குடும்பத்தோடு அமெரிக்காவின் மேற்குக் கரைவரை ரயிலில் போய் வந்தார். ஊர் ஊராகச் சொற்பொழிவுகள், வரவேற்புகள். திரும்பி வந்தவர் மிகவும் களைத்திருந்தார். ஒக்ரோபர் 26ஆம் திகதி காலை, ஸ்கெனெக்ரடி வீட்டில் படுக்கையிலேயே உயிர் பிரிந்தது. வயது 58. அந்த ஊரின் வேல் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் பெயரில் 200க்கு மேற்பட்ட காப்புரிமைகள் இருந்தன.

வீடு பிற்காலத்தில் இடிக்கப்பட்டது, நிலம் இப்போது சிறிய பூங்கா. ஆற்றோரக் குடிலை மோட்டார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்ட் வாங்கி, அங்கிருந்து பெயர்த்தெடுத்து, மிச்சிகன் மாநிலத்தில் தான் அமைத்த அருங்காட்சியகத் திடலில் கொண்டுபோய் வைத்தார். அது இன்றும் அங்கே நிற்கிறது.